இரண்டு கடிகாரங்களும் ஒரு கேள்வியும்

ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை அதன் பயனுக்கா, அதன் பெயருக்கா? இந்தக் கேள்விக்கு விடை தேட, உங்களில் யாரும் இப்போது வாங்கப் போவதில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ரோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மரீனர். மற்றொன்று ஒமேகா நிறுவனத்தின் சீமாஸ்டர் டைவர் 300எம். இரண்டும் சுவிட்சர்லாந்தில் தயாராகும் முக்குளிப்புக் கைக்கடிகாரங்கள். அதாவது, கடலுக்கடியில் மூழ்குவோர் கட்டிக்கொள்வதற்காக உருவாக்கப்பட்டவை. இரண்டின் விலையும் பல்லாயிரம் ரிங்கிட். ஒப்பிட்டுப் பார்த்தால் சப்மரீனரின் விலை கணிசமாகக் கூடுதல்.

வாங்கப் போவதில்லை என்றால் இவற்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆசை இல்லாத இடத்தில்தான் அறிவு தெளிவாக வேலை செய்யும். நீங்கள் விரும்பும் திறன்பேசியையோ காலணியையோ எடுத்துக்கொண்டால், படிக்கத் தொடங்கும் முன்பே உங்கள் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேலும், இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் சம்பாதிக்கத் தொடங்குவீர்கள். முதல் சில சம்பளங்கள் கைக்கு வந்ததும், இத்தகைய தேர்வுகள் உங்கள் முன்னும் வந்து நிற்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனில்லாமல், தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு இவ்விரண்டில் ஒன்றை வாங்க நினைக்கும் பெரும்பாலோருக்குச் சீமாஸ்டரே பொருத்தமானது. அது சப்மரீனரைவிடச் சிறந்த கடிகாரம் என்பதால் நான் இவ்வாறு கூறவில்லை. காரணம் வேறு. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், முக்குளிப்புக் கடிகாரம் எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்துகொள்வோம். 1943ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் நீருக்கடியில் சுவாசிக்க உதவும் கருவியை உருவாக்கினர். அதன் பின்னர், கப்பலிலிருந்து வரும் குழாயின் துணையின்றி மனிதன் கடலுக்குள் தன் விருப்பப்படி நீந்த முடிந்தது. ஆனால் அவன் முதுகில் சுமந்து செல்லும் காற்று அளவானது. அதுமட்டுமன்று. ஆழத்தில் நீண்ட நேரம் இருந்தால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரையும். அந்நிலையில் வேகமாக மேலே வந்தால் அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகளாக மாறி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம். ஆகவே, எவ்வளவு நேரமாக நீருக்குள் இருக்கிறோம் என்பதை அறிவது உயிர் காக்கும் தேவையாயிற்று.

இந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் கடிகார முகப்பைச் சுற்றியுள்ள சுழல்வளையம். மூழ்கத் தொடங்கும்போது, வளையத்திலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடங்கள் கடந்துவிட்டன என்று பொருள். இன்றைய முக்குளிப்புக் கடிகாரங்களில் இந்த வளையம் ஒரு திசையில் மட்டுமே சுழலும். பாறையில் பட்டுத் தற்செயலாக நகர்ந்தாலும், அது கடந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பாளர் சற்று முன்னதாகவே மேலே வந்துவிடுவார், தாமதமாக வரமாட்டார். எளிய ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் எத்தனை சிந்தனை இருக்கிறது, பாருங்கள்!

சப்மரீனர் 1953ஆம் ஆண்டில் அறிமுகமானது. 100 மீட்டர் ஆழம் வரை நீர்புகாத கடிகாரமாக அது உருவாக்கப்பட்டது. பிளாங்பான் நிறுவனத்தின் புகழ்பெற்ற முக்குளிப்புக் கடிகாரமும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. ஒமேகாவின் கடல் வரலாறு இன்னும் முந்தையது. 1932ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் 'மரீன்' என்ற பெயரில் மூழ்குவோருக்கான கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீமாஸ்டர் என்ற பெயர் 1948இல் தோன்றியது. நாம் இங்கே பேசும் டைவர் 300எம் வகை 1993இல் வெளியானது. எனவே, பழைமை என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்தால், இரண்டு நிறுவனங்களுமே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, செயல்திறனை ஒப்பிடுவோம். 2020இல் வெளிவந்த சப்மரீனரையும் 2018இல் வெளிவந்த சீமாஸ்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றுக்கிடையே வேறுபாடுகளைவிட ஒற்றுமைகளே மிகுதி. இரண்டும் 300 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும். ஒன்றின் விட்டம் 41 மில்லிமீட்டர். மற்றொன்றின் விட்டம் 42 மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு. இரண்டிலும் எளிதில் கீறல் விழாத கண்ணாடியும், இருளில் ஒளிரும் குறிகளும், நிறம் மங்காத பீங்கான் வளையமும் உள்ளன. இரண்டும் மின்கலமின்றி, கையின் அசைவிலிருந்தே ஆற்றல் பெற்று இயங்குகின்றன.

வேறுபாடுகளில் சில, சப்மரீனருக்குச் சாதகமானவை. முழு ஆற்றல் பெற்ற சப்மரீனரைக் கழற்றி வைத்தால் அது ஏறத்தாழ 70 மணிநேரம் ஓடும். சீமாஸ்டர் 55 மணிநேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி மேசையில் வைத்ததாகக் கொள்வோம். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்படும்போது சப்மரீனர் ஓடிக்கொண்டிருக்கும். சீமாஸ்டரோ நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் நின்றுபோயிருக்கும். சப்மரீனரின் நேரம் நாளொன்றுக்கு இரண்டு விநாடிகளுக்கு மேல் கூடவோ குறையவோ செய்யாது என்று ரோலெக்ஸ் கூறுகிறது. அதன் பட்டைக் கொக்கியை எந்தக் கருவியும் இல்லாமல் இரண்டிரண்டு மில்லிமீட்டராக நீட்டவும் சுருக்கவும் முடியும். முக்குளிப்பு உடையின் மேல் கட்டும்போது இது உண்மையிலேயே பயன்படும் வசதி.

சீமாஸ்டருக்குச் சாதகமானவையும் உள்ளன. அதன் இயந்திரம் 15,000 காஸ் அளவிலான காந்தப் புலத்தையும் தாங்க வல்லது. இச்சோதனை சுவிட்சர்லாந்தின் அரசு அளவியல் கழகமான மெட்டாஸ் வகுத்த விதிகளின்படி நடைபெறுகிறது. நம்மைச் சுற்றித் திறன்பேசி, ஒலிபெருக்கி, மடிக்கணினி என எங்கும் காந்தங்கள் நிறைந்திருக்கும் காலத்தில், இது பொருளுள்ள சிறப்பு. மேலும், அதன் பின்புறம் கண்ணாடியால் ஆனது. உள்ளே பற்சக்கரங்கள் சுழல்வதைக் கண்ணாரக் காணலாம். சப்மரீனரின் பின்புறம் எஃகினால் மூடப்பட்டிருக்கும்.

இரண்டிலும் குறை இல்லாமல் இல்லை. சீமாஸ்டரின் பத்து மணிப் பக்கத்தில் இன்னொரு திருகு துருத்திக்கொண்டிருக்கும். அது ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வழி. நாள்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கி வேலை செய்யும் தொழில்முறை முக்குளிப்பாளர்களுக்கு மட்டுமே அது தேவைப்படும். மற்ற எவருக்கும் அதனால் பயனில்லை. சப்மரீனரின் குறையோ கடிகாரத்துக்குள் இல்லை; கடைக்குள் இருக்கிறது. அதிகாரபூர்வக் கடைக்குச் சென்றாலும் பெரும்பாலும் பணம் கொடுத்த உடனே அதை வாங்கிவர முடிவதில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியுள்ளது.

இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? சில இடங்களில் சப்மரீனர் ஒரு படி மேலே நிற்கிறது. சில இடங்களில் சீமாஸ்டர் முன்னால் நிற்கிறது. ஆனால், இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டை இந்தச் சிறு வேறுபாடுகளால் விளக்க முடியாது. 15 மணிநேரக் கூடுதல் ஓட்டத்துக்கும் ஒரு நல்ல கொக்கிக்கும் யாரும் பல்லாயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்று கேட்போம். இவ்விரண்டு கடிகாரங்களின் திறனும் நமக்குத் தேவைதானா? பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு 40 மீட்டர் ஆழமே எல்லை என்று பயிற்சி அமைப்புகள் வரையறுத்துள்ளன. புதிதாகப் பயிற்சி முடித்தவர்களுக்கு அது 18 மீட்டர்தான். பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும் பவளப்பாறைகளைக் காணச் செல்லும் ஒருவருக்கு 300 மீட்டர் என்பது ஏட்டில் மட்டுமே இருக்கும் எண். அதுமட்டுமல்லாமல், 1980களில் முக்குளிப்புக் கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆழம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனை அவை நொடிக்கு நொடி கணக்கிட்டுச் சொல்கின்றன. எந்தச் சுழல்வளையத்தாலும் அதைச் செய்ய முடியாது. இன்று படகிலிருந்து கடலில் குதிப்பவர்களின் கைகளில் பெரும்பாலும் இருப்பவை அந்தக் கணினிகளே.

நேரத்தைத் துல்லியமாகக் காட்டுவதிலும் நிலைமை இதுதான். 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஐம்பது ரிங்கிட்டுக்கு வாங்கும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம்கூட, மாதத்துக்குச் சுமார் 15 முதல் 30 விநாடிகளே முன்பின்னாக ஓடும். நாளொன்றுக்கு இரண்டு விநாடிகள் என்பது மாதத்துக்கு 60 விநாடிகள் வரை ஆகலாம். ஆக, நேரம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், மலிவான கடிகாரமே வெல்கிறது. கடலுக்கடியில் நம்பி அணியவேண்டும் என்றாலும், முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற அனைத்துலகத் தரத்தை நிறைவு செய்யும் ஜப்பானியக் கடிகாரங்கள், இவற்றின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன.

அப்படியானால், கூடுதல் பணம் எங்கே போகிறது? ஒரு பகுதி வேலைப்பாட்டுக்கு. அதை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. மின்கலம் இல்லாமல், நுண்ணிய சக்கரங்களும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே சேர்ந்து நாளுக்கு இரண்டு விநாடி துல்லியத்தைத் தருவது மனித உழைப்பின் அருமையான வெளிப்பாடு. ஓவியத்தை விரும்பி வாங்குவதைப்போல, அதை விரும்பி வாங்குபவரை நாம் குறைகூற முடியாது. ஆனால், இந்த வேலைப்பாடு இரண்டு கடிகாரங்களிலுமே இருக்கிறது. எஞ்சியிருப்பது பெயர்.

பெயர் தானாக வளர்வதில்லை, வளர்க்கப்படுகிறது. 1927ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் கிளைட்சு என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது, அவர் கழுத்தில் ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று தொங்கியது. கடுங்குளிரில் பத்து மணிநேரத்துக்கும் மேலாக நீந்திய அவரால் அன்று மறுகரையை அடைய முடியவில்லை. ஆனால் கடிகாரம் நிற்காமல் ஓடியது. ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப், அச்செய்தியை லண்டன் நாளிதழான டெய்லி மெயிலின் முதல் பக்கத்தில் விளம்பரமாக வெளியிட்டார். நீர்புகாத கடிகாரம் உண்மையான சாதனை. அதை ஊரறியச் செய்ததும் அதற்கு இணையான சாதனை.

திரைப்படங்களும் இதே பணியைச் செய்தன. 1962இல் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தில் ஷான் கானரி அணிந்தது சப்மரீனர். 1995ஆம் ஆண்டு முதல் அதே பாத்திரத்தின் கையில் சீமாஸ்டர் ஏறியது. கடிகாரம் மாறியதால் கதாநாயகனின் வீரம் கூடவுமில்லை; குறையவுமில்லை. ஆனால், திரையரங்கைவிட்டு வெளியே வந்தவர்களின் ஆசை மட்டும் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு இடம்பெயர்ந்தது.

இங்கே சிலர் மறுப்புக் கூறலாம். "ரோலெக்ஸ் வெறும் பெயரன்று; அது முதலீடு. பழையதை விற்றாலும் நல்ல விலை கிடைக்கும்" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மறுவிற்பனையில் சப்மரீனர் தன் மதிப்பைச் சீமாஸ்டரைவிட நன்றாகவே தக்கவைத்துக்கொள்கிறது. எனினும், முதலீடு என்ற சொல்லை நாம் கவனமாகக் கையாள வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட ஆடம்பரக் கடிகாரங்களின் மறுவிற்பனை விலைகள், அதன்பின் இறங்கின. உச்ச விலையில் வாங்கியவர்கள் நட்டத்தைச் சந்தித்தனர். கீறல் விழுந்துவிடுமோ என்று அஞ்சிப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்கும் கடிகாரம் நேரம் காட்டுவதில்லை. வைப்புநிதியைப்போல வட்டி தருவதுமில்லை. விற்பதற்காகவே வாங்குபவர் வணிகர். அவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

வேறு சிலர், "நல்ல பெயர் என்பதே ஓர் உறுதிமொழி அல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதுபார்க்க ஆள் இருப்பார், உதிரிப்பாகம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு விலை கொடுப்பது தவறன்று. ஆனால், 1848இல் தொடங்கிய ஒமேகாவும் அந்த நம்பிக்கையைத் தருகிறதே! அதைக் கடந்து நாம் கொடுக்கும் தொகை, நம் மணிக்கட்டைப் பார்க்கும் பிறரின் கண்களுக்காகக் கொடுக்கும் தொகையாகிவிடுகிறது.

இது வெறும் கோட்பாடு அன்று. என் அக்காள் மகன் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் சப்மரீனர்மீது ஆசை கொண்டான். அதிகாரபூர்வக் கடையில் காத்திருக்கச் சொன்னார்கள். இடைத்தரகர் ஒருவர் கூடுதல் விலைக்கு உடனே தருவதாகக் கூறினார். கையில் போதிய பணம் இல்லாததால் தனிநபர் கடன் வாங்கலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். "சின்னம்மா, இரண்டில் எது நல்ல கடிகாரம்?" என்று என்னிடம் கேட்டான். நான் அவனுக்கு எந்தக் கடிகாரத்தையும் பரிந்துரைக்கவில்லை. அதை வாங்குவதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஏழு காரணங்கள் எழுதினான். பிறகு, "உன் கையில் இந்தக் கடிகாரம் இருப்பது யாருக்குமே தெரியாது என்று வைத்துக்கொள். அப்போதும் நிலைத்து நிற்கும் காரணங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்துவிடு" என்றேன்.

நான்கு காரணங்கள் அடிபட்டுப் போயின. மூன்று எஞ்சின. தினமும் அணிய உறுதியான கடிகாரம் வேண்டும். இயந்திரம் இயங்குவதைப் பார்க்கப் பிடிக்கும். ஒருநாள் தன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் சீமாஸ்டர் நிறைவு செய்கிறது என்பதை அவனே கண்டுகொண்டான். கடன் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வருகிறான். சேமிப்பு நிறைவதற்குள் அவன் மனம் மாறலாம். மாறினாலும் பணம் அவனிடம்தான் இருக்கும். கடனை அடைக்கும் பொறுப்பு இருக்காது.

இதே சோதனையைச் சப்மரீனருக்குச் சாதகமாகவும் நடத்தலாம். அந்தக் கொக்கியின் வசதியையும், நீண்ட ஓட்டத்தையும், எழுபது ஆண்டுகளாகப் பெரிதும் மாறாத அதன் தோற்றத்தையும் உளமார விரும்பும் ஒருவர் இருக்கலாம். யாரும் பார்க்காவிட்டாலும் அதையே கட்டிக்கொள்வேன் என்று அவர் நேர்மையாகச் சொன்னால், அதற்கான பணமும் அவரிடம் இருந்தால், அவருக்குச் சப்மரீனரே சரியான தேர்வு. அத்தகையோர் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் குறைவு என்றே நான் எண்ணுகிறேன். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சீமாஸ்டர் என்றேன். இரண்டுமே வேண்டாம் என்ற விடையும் இந்தச் சோதனையில் கிடைக்கலாம். அதுவும் முழுமையான விடைதான்.

இனி உங்கள் கைக்கு எட்டும் பொருள்களுக்கு வருவோம். பள்ளி விடுமுறையில் வாங்க நினைத்திருக்கும் காலணி, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டிருக்கும் திறன்பேசி, நண்பர்கள் அனைவரிடமும் இருக்கும் பை என ஏதேனும் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்து, அது ஏன் வேண்டும் என்பதற்கான காரணங்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பிறகு, அதன் மேலுள்ள நிறுவனச் சின்னம் அழிந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்தப் பட்டியலை மீண்டும் படியுங்கள். எத்தனை காரணங்கள் எஞ்சுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் பெற்றோரிடம் பேசுங்கள். அப்போது நீங்கள் கேட்பதில் தெளிவு இருக்கும். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்கும் பொறுமையும் இருக்கும்.